தில்லியின் சுற்றுலாத் தலங்கள்: எது நின்றது, ஏன் நின்றது

தில்லிக்குச் சுற்றுலா செல்பவர்களுக்குப் பயண நிறுவனங்கள் தரும் பட்டியல் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: செங்கோட்டை, ஜாமா மசூதி, இந்தியா கேட், குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், நேரம் மிஞ்சினால் ராஜ்காட்டும் சாந்தினி சௌக்கும். ஆக்ராவுக்குப் போகும் வழியில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஒதுக்கி, ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றிக்கொள்ளும் இந்தப் பயணத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மட்டும் 170க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ள ஒரு நகரத்தில் இந்த ஒன்பது இடங்கள் மட்டும் எப்படி முன்னுக்கு வந்தன என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கட்டியவரின் பெயரும் ஆண்டும் வாசலில் உள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டடம் இன்றுவரை எப்படித் தப்பியது, அதைச் சுற்றி இருந்தவை எங்கே போயின, யார் எதை இடித்து எதை வைத்துக்கொண்டார்கள் என்பவை பலகையில் இருப்பதில்லை. தில்லியில் நாம் பார்ப்பவற்றின் இன்றைய தோற்றத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரலாறுதான் என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரை.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி, தேய்ந்துபோன பாறை முகடாகத் தில்லியின் தெற்கிலும் மேற்கிலும் முடிகிறது. கிழக்கில் யமுனை ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கோண நிலத்துக்குள்தான் ஆயிரம் ஆண்டுகளாகத் தலைநகரங்கள் இடம் மாறி இடம் மாறி எழுந்தன. தோமர்களின் லால் கோட், அலாவுத்தீன் கில்ஜியின் சிரி, கியாசுத்தீன் துக்ளக்கின் துக்ளகாபாத், பெரோஸ் ஷாவின் பெரோஸாபாத், ஹுமாயூனும் ஷேர் ஷாவும் கட்டிய பழைய கோட்டை, ஷாஜகானின் ஷாஜகானாபாத், ஆங்கிலேயரின் புது தில்லி என்று நீளும் இந்த வரிசையை 'ஏழு நகரங்கள்' என்று சொல்வது வழக்கம். எண்ணுபவரைப் பொறுத்து எட்டு என்றும் அதற்கு மேலும் வரும். முகட்டின் மேல் கட்டினால் கல்லும் பாதுகாப்பும் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. ஆற்றங்கரையில் கட்டினால் தண்ணீர் கிடைக்கும், கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். தெற்கே பாறை மேல் தொடங்கிய தலைநகரம் காலப்போக்கில் வடகிழக்காக ஆற்றை நோக்கி நகர்ந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். 1321ஆம் ஆண்டு தொடங்கிப் பெரும் செலவில் கட்டப்பட்ட துக்ளகாபாத் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்று. இன்று அங்கே போனால் சாய்வான மதில்களும் முட்செடிகளும் குரங்குகளும்தான் வரவேற்கும். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. தில்லியின் முரட்டுத்தனமான பழமையை உணர அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம்.

உள்ளூர்ப் பாறையான குவார்ட்சைட் மிகக் கடினமானது. உடைத்து அடுக்கலாம், நுணுக்கமாகச் செதுக்க முடியாது. ஆகவே செதுக்கல் வேலைக்கு உரிய செம்மணற்கல்லும் பளிங்கும் ஆக்ரா, ராஜஸ்தான் பக்கங்களிலிருந்து வந்தாக வேண்டும். அப்படி வந்த கல்லுக்கு விலை அதிகம் என்பதால், பழைய நகரம் கைவிடப்பட்டதும் அதன் செதுக்கிய கல்லைப் பெயர்த்துப் புதிய நகரத்துக்குக் கொண்டுபோவது தில்லியில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. 1754இல் எழுந்த சஃப்தர்ஜங் கல்லறைக்காக, நிஜாமுத்தீன் பகுதியில் உள்ள அப்துர் ரஹீம் கான்-இ-கானானின் கல்லறையிலிருந்து பளிங்கும் மணற்கல்லும் உரிக்கப்பட்டன. அக்பர் அவையின் புகழ்பெற்ற கவிஞரும் தளபதியுமான ரஹீமின் கல்லறை அதற்குப்பின் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தோல் உரிந்த செங்கற்குவியலாக நின்றது. அண்மையில்தான், 2020இல், சீரமைப்பு முடிந்து மீண்டும் திறக்கப்பட்டது.

குதுப் வளாகம்: மேலே பார்ப்பதற்கு முன்

கல்லை மறுபடி பயன்படுத்தும் இந்தப் பழக்கத்தின் ஆகப் பழைய சாட்சி குதுப் மினார் அருகில் உள்ள குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதி. இருபத்தேழு கோயில்களின் பொருள்களைக் கொண்டு அது கட்டப்பட்டதாக அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. இந்து, சமணக் கோயில்களிலிருந்து வந்த தூண்கள் ஒரே உயரத்தில் இல்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி உயரம் சரிசெய்திருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள நடைக்கூடத்தில் நின்று தூண்களைப் பார்த்தால் மணிச்சங்கிலி, பூர்ணகும்பம், முகம் சிதைக்கப்பட்ட உருவங்கள் ஆகியவை வரிசையாகத் தெரியும். இதைக் கண்டு கோபப்படுபவர்களும் உண்டு, கண்டும் காணாமல் போகிறவர்களும் உண்டு. கட்டடக் கலையைக் கவனிப்பவருக்கு அங்கே இன்னொன்றும் தெரியும். மசூதியின் முகப்பில் உள்ள பெரிய வளைவுகளைக் கட்டிய உள்ளூர்க் கொத்தர்களுக்கு ஆப்புக்கல் வைத்து வளைவு எழுப்பும் முறை அப்போது பழக்கமில்லை. கோயில்களில் செய்வதுபோல் கல்லைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கி, வளைவின் வடிவத்தை மட்டும் வரவழைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில், 1311ஆம் ஆண்டளவில் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசாவில் முறையான ஆப்புக்கல் வளைவைக் காணலாம். நூறு மீட்டர் நடைக்குள் ஒரு நூற்றாண்டின் தொழில்நுட்ப மாற்றம் அடங்கிக் கிடக்கிறது.

அந்த 1311ஆம் ஆண்டு தமிழ் வாசகருக்கும் பழக்கமானதுதான். கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்து, யானைகளும் குதிரைகளும் பொன்னும் மணியுமாகத் தில்லி திரும்பியது அதே ஆண்டில். அந்தக் கொள்ளைப்பொருள் எந்தக் கட்டடத்துக்குச் சென்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் குதுப் மினாரைப் போல இரு மடங்கு உயரத்தில் இன்னொரு மினார் எழுப்பவேண்டும் என்று கில்ஜி ஆசைப்பட்ட காலம் அதுவே. அலாய் மினார் என்ற அந்தக் கட்டடம் சுமார் 25 மீட்டர் உயரத்தோடு நின்றுபோயிற்று. 1316இல் கில்ஜி இறந்தபின் யாரும் தொடவில்லை. மேற்பூச்சு இல்லாத கருங்கற்குவியலாக நிற்கும் அது, மினார் ஒன்றின் உள்ளுடம்பு எப்படி இருக்கும் என்பதை வெளிப்படையாகக் காட்டுகிறது.

குதுப் மினாரையே எடுத்துக்கொண்டால், 72.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் ஒருவர் கட்டியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் முடித்தார், பதினான்காம் நூற்றாண்டில் இடி விழுந்து மேல்தளம் சேதமானபோது பெரோஸ் ஷா துக்ளக் அதை அகற்றி, பளிங்கும் மணற்கல்லும் கலந்து இரண்டு தளங்களாகக் கட்டினார். மேல்பகுதியின் நிறம் கீழ்ப்பகுதியிலிருந்து வேறுபடுவதற்கு இதுவே காரணம். அந்தப் பழுதுபார்ப்பைச் செய்த கொத்தர்கள் விசுவகர்மாவை வணங்கி நாகரி எழுத்தில் பொறித்துவைத்த கல்வெட்டும் அதே மினாரில் இருக்கிறது. 1803இல் நிலநடுக்கத்தில் உச்சி மாடம் விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828இல் மினாரைப் பழுதுபார்த்ததோடு நிற்காமல், தம் ரசனைப்படி வங்காள பாணியில் ஒரு மண்டபத்தைச் செய்து உச்சியில் ஏற்றினார். பார்த்தவர்கள் முகம் சுளிக்க, 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங்கின் உத்தரவால் அது இறக்கப்பட்டது. இன்றும் புல்வெளியின் ஓர் ஓரத்தில் அது தரையில் நிற்கிறது. என்னவென்று தெரியாமலேயே அதன் நிழலில் அமர்ந்து பலர் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். மினாருக்குள் 379 படிகள் உண்டு. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளாக 45 பேர் உயிரிழந்தார்கள். அன்றிலிருந்து யாரும் ஏற அனுமதியில்லை.

மசூதி முற்றத்தின் நடுவில் நிற்கும் இரும்புத் தூண் இவை எல்லாவற்றையும்விட எண்ணூறு ஆண்டுகள் மூத்தது. ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இது, சந்திரன் என்ற அரசனின் பெயரைத் தாங்கி, விஷ்ணுவின் கொடித்தூணாக வேறோர் ஊரில் நிறுத்தப்பட்டது. குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தரே அந்த அரசன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. துருப்பிடிக்காமல் இருப்பதற்கு மந்திரமோ மறைந்துபோன கலப்பு உலோகமோ காரணமில்லை. சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் விறகுக்கரியில் உருக்கிய அக்கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிடும். கான்பூர் ஐஐடியில் பணியாற்றிய உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இந்தப் பாஸ்பரஸின் துணையோடு தூணின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, ஈரமும் காற்றும் மேற்கொண்டு அரிப்பதைத் தடுக்கிறது என்று விளக்கினார். முதுகைத் தூணில் சாய்த்துப் பின்புறமாகக் கைகளைக் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவி, ஆயிரக்கணக்கானோர் தேய்த்ததில் அந்த உயரத்தில் மட்டும் தூண் பளபளப்பாகிவிட்டது. 1997இல் வேலி போட்டார்கள். பழைய படங்களில் கட்டிப்பிடித்தபடி நிற்கும் தாத்தாக்களைப் பார்த்தவர்கள் இன்று வேலிக்கு வெளியே நின்று கைப்பேசியில் படமெடுக்கிறார்கள்.

இடம்பெயர்ந்த இன்னொரு தூண்

தூண்களைப் பெயர்த்து வந்து தம் தலைநகரில் நிறுத்துவதில் பெரோஸ் ஷா துக்ளக்குக்கு இணை யாருமில்லை. இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா கிராமத்திலிருந்து அசோகர் தூண் ஒன்றை அவர் பெரோஸாபாத் கோட்டைக்குக் கொண்டுவந்த விதத்தை, அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் பிற்காலத்தில் எழுதிய வரலாற்று நூலில் விவரித்துள்ளார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடிமண்ணைத் தோண்டி, பஞ்சின்மேல் மெதுவாகச் சாயவிட்டார்கள். நாணலும் பதப்படுத்தாத தோலும் கொண்டு சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு ஒரு வடமாகக் கட்டி ஆயிரக்கணக்கானோர் யமுனைக் கரைவரை இழுத்தார்கள். அங்கிருந்து படகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றுவழியே தில்லிக்கு வந்தது. தேர் இழுத்துப் பழகிய ஊர்க்காரருக்கு இந்த வர்ணனையில் வியப்பைவிட நெருக்கமே அதிகம் தோன்றும். தூணில் எழுதியிருப்பது என்னவென்று அன்று யாராலும் படிக்க முடியவில்லை. ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்துக்காட்ட உதவிய கல்வெட்டுகளில் இந்தத் தூணில் உள்ளவையும் அடங்கும். அசோகரின் ஏழாவது தூண் சாசனம் வேறெங்கும் கிடைக்கவில்லை, இந்தத் தூணில் மட்டுமே இருக்கிறது.

இவ்வளவு முக்கியமான ஒரு பொருள் நிற்கும் பெரோஸ் ஷா கோட்லாவைக் கிரிக்கெட் மைதானத்தின் பெயராகத்தான் நாம் அறிவோம். மைதானத்தை ஒட்டிய இடிந்த கோட்டைக்குள் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போவதில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் தில்லிவாசிகள் கூடுகிறார்கள். அங்கே வாழ்வதாக நம்பப்படும் ஜின்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடம் குறைகளைக் கடிதமாக எழுதிச் சுவரில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நிலவுகிறது. வேலை, வழக்கு, திருமணம், நோய் என்று எழுதி, அரசு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதைப்போல ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுத்து வெவ்வேறு அறைகளில் வைப்பவர்களும் உண்டு. அருகிலுள்ள நகரங்களுக்குக் கல் கொடுத்தே உருக்குலைந்துபோன அந்தக் கோட்டை, உபயோகத்தில் மட்டும் இன்னும் ஓயவில்லை.

கான்கிரீட்டை இறக்கிய கதை

ஹுமாயூன் கல்லறையைப் பட்டியலில் 'தாஜ்மகாலுக்கு முன்னோடி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உயர்ந்த மேடை, நான்காகப் பகுக்கப்பட்ட தோட்டம், இரட்டைக் குவிமாடம் ஆகியவற்றை இந்தியாவில் இந்த அளவில் சேர்த்துக் கட்டிய முதல் முகலாயக் கட்டடம் என்ற பொருளில் அது சரிதான். ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகத்தின் பொறுப்பில், பாரசீகக் கட்டடக் கலைஞர் மிராக் மிர்சா கியாஸின் திட்டப்படி 1560களில் எழுந்தது. முகலாய வம்சத்தைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் இங்கே உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. வம்சத்தின் முடிவும் இங்கேயே நிகழ்ந்தது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை நகரைக் கைப்பற்றியதும் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் இந்தக் கல்லறையில்தான் அடைக்கலம் புகுந்தார். ஹட்சன் என்ற அதிகாரி அவரைக் கைது செய்து கொண்டுபோனார். மறுநாள் இரண்டு இளவரசர்களையும் ஒரு பேரனையும் அழைத்துச் செல்லும் வழியில் தன் கையாலேயே சுட்டுக் கொன்றார்.

அதன்பிறகு தோட்டத்தில் காய்கறி பயிரிட்டார்கள். கர்சன் வைசிராயாக இருந்தபோது நீர்வழிகளைத் தேடி எடுத்துத் தோட்டத்தைத் திரும்ப அமைத்தார்கள். 1947இல் பிரிவினை வந்தது. ஹுமாயூன் கல்லறையும் பழைய கோட்டையும் அகதி முகாம்களாயின. முதலில் பாகிஸ்தான் செல்லக் காத்திருந்த முஸ்லிம்கள், பிறகு அங்கிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும். பல மாதங்கள் கூடாரமும் அடுப்பும் கழிவுநீருமாக இருந்த தோட்டம் எப்படி மிஞ்சும்? அதற்குப் பின் வந்த பழுதுபார்ப்புகளில் சிமெண்ட் தாராளமாகப் பயன்பட்டது. கூரை ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு படலம் கான்கிரீட் போடப்பட்டதில், எடை ஏறியதே தவிர ஒழுகல் நிற்கவில்லை.

ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை தொல்லியல் துறையோடு சேர்ந்து செய்த சீரமைப்பு, தோட்டத்தில் தொடங்கி 2003இல் ஒரு கட்டத்தையும், கட்டடத்தில் தொடர்ந்து 2013இல் மறு கட்டத்தையும் எட்டியது. கூரையிலிருந்து மட்டும் சுமார் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைக் கையால் உடைத்து இறக்கினார்கள். சிமெண்டுக்குப் பதில் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை பூசினார்கள். சிறு மாடங்களின் மேல் இருந்து உதிர்ந்துபோன வண்ண ஓடுகளைச் செய்ய இங்கே ஆளில்லாமல், உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து நிஜாமுத்தீன் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். உதிர்ந்த இடத்தில் புது ஓடு பதிப்பது சரியா, உதிர்ந்தபடியே விடுவது சரியா என்று பாதுகாப்பு வல்லுநர்களிடையே விவாதம் எழுந்தது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை. கட்டடத்தின் மூல வடிவத்தைக் காட்டுவதே நோக்கம் என்றால் பதிப்பதுதான் சரி. அது கடந்துவந்த காலத்தைக் காட்டுவது நோக்கம் என்றால் விடுவதுதான் சரி. இந்தியாவில் இரண்டாவது கருத்தைக் கொண்டவர்கள் பெரும்பாலும் பராமரிக்காமல் விட்டதற்குச் சாக்காக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால், என் ஒப்புதல் முதலாவதற்கே. பக்கத்தில் இருந்த சுந்தர் நாற்றுப்பண்ணையும் இதே திட்டத்தில் பூங்காவாக மாறி 2018இல் திறக்கப்பட்டது. சாலையைக் கடந்தால் 1325இல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா. அங்கே வியாழன் மாலைகளில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப்பாடல் பாடப்படுகிறது.

செங்கோட்டையில் இல்லாதவை

தில்லியில் அதிகம் பேர் பார்த்து, அதிகம் பேர் ஏமாற்றம் அடைந்து திரும்பும் இடம் செங்கோட்டையாகத்தான் இருக்கும். சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட மதில் வெளியிலிருந்து பிரமிக்க வைக்கிறது. லாகூர் வாசலில் நுழைந்து கடைவீதியைக் கடந்தபின் உள்ளே பெரும் வெற்றிடமும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே நிற்கும் சில பளிங்கு மண்டபங்களும், அவற்றுக்கு நடுவே பொருந்தாத மூன்றடுக்கு ராணுவக் குடியிருப்புகளும்தான். ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் குடிபுகுந்த அரண்மனை இப்படி இருந்திருக்க முடியாது.

இருக்கவில்லைதான். 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனார். 1760இல் மராத்தியப் படை, அரசரின் தனி அவையான திவான்-இ-காஸ் மண்டபத்தின் வெள்ளிக் கூரையைப் பெயர்த்து உருக்கியது. இவை பொருள் இழப்புகள். கட்டட இழப்பு 1857க்குப் பின் வந்தது. கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அரண்மனைக் கட்டடங்களில் ஐந்தில் நான்கு பங்கை இடித்துத் தள்ளிவிட்டு ராணுவத்துக்குக் குடியிருப்பு கட்டினார்கள். அந்தப்புரங்கள், முற்றங்கள், தோட்டங்கள், மண்டபங்களை இணைத்த நடைக்கூடங்கள் எல்லாம் போயின. தப்பிய மண்டபங்களில் சில ராணுவத்தின் உணவுக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் பயன்பட்டதாலேயே தப்பின. மக்கள் மனு கொடுக்கும் திவான்-இ-ஆம் மண்டபத்தில், அரியணைக்குப் பின்புறச் சுவரில் வண்ணக் கற்பலகைகள் பதித்திருப்பதைக் காணலாம். உச்சியில் உள்ள சிறு பலகையில் கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் மரத்தடியில் அமர்ந்து இசைக்க, விலங்குகள் கேட்கின்றன. இத்தாலியின் புளோரன்ஸ் நகர வேலைப்பாடு அது. 1857இல் ஓர் ஆங்கிலேய அதிகாரி பெயர்த்தெடுத்து லண்டனில் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். கர்சன்தான் திரும்பக் கொண்டுவந்து, இத்தாலியக் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு மறுபடியும் பதிக்கச் செய்தார். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருப்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கிழக்கு மதிலை ஒட்டி அன்று யமுனை ஓடியது. மண்டபங்கள் எல்லாம் அந்தப் பக்கமாக வரிசையாக அமைந்ததற்கும், அவற்றின் நடுவே சொர்க்க நதி என்று பெயரிட்ட வாய்க்கால் ஓடியதற்கும் ஆற்றுக்காற்றே காரணம். ஆறு கிழக்கே விலகிவிட்டது; இன்று பளிங்குச் சாளரத்தில் தெரிவது வட்டச் சாலையின் வாகன நெரிசல்.

கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் நடுவே உள்ள அகன்ற வெளியும் 1857இன் விளைவே. பீரங்கிச் சுடுதளம் வேண்டும் என்று வீடுகளையும் மாளிகைகளையும் அக்பராபாதி மசூதியையும் இடித்து உருவாக்கியது. 1656இல் முடிந்த ஜாமா மசூதியையே விற்றுவிடலாம், இடித்துவிடலாம் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. படையினர் தங்கியிருந்த மசூதி 1862இல்தான் தொழுகைக்குத் திருப்பித் தரப்பட்டது. ஷாஜகானின் மகள் ஜகனாரா வடிவமைத்த சாந்தினி சௌக்கில் அவர் கட்டிய சத்திரத்தை இடித்துவிட்டு 1860களில் டவுன்ஹால் கட்டினார்கள்; நிலவொளி விழுந்த குளத்தின் இடத்தில் மணிக்கூண்டு வந்தது; மணிக்கூண்டும் 1951இல் சரிந்து விழுந்தது. 2021இல் பகல்நேர மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதித்து, செம்மண் நிறக் கல் பாவிய நடைதெருவாக மாற்றியிருக்கிறார்கள். தெருவின் மேற்கு முனையில் மசாலா மொத்தச் சந்தையான காரி பாவ்லியில் காய்ந்த மிளகாயின் நெடி ஒன்றே முன்போல் இருக்கிறது.

ஆனால் செங்கோட்டைக்கு அரசியல் மதிப்பைத் திருப்பித் தந்ததும் ஆங்கிலேயர்தான் என்பது ஒரு விசித்திரம். 1858இல் ஜஃபரை அவருடைய மண்டபத்திலேயே விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1911இல் தில்லியில் நடந்த முடிசூட்டு தர்பாரின்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முகலாயர் பாணியில் இதே கோட்டையின் உப்பரிகையில் மக்களுக்குக் காட்சி தந்தார். 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீதான ராணுவ விசாரணையை இங்கேயே வைத்தார்கள். தில்லி செல்வோம் என்ற முழக்கத்தோடு புறப்பட்ட படையினரைக் கைதிகளாகத் தில்லிக்கே கொண்டுவந்து நிறுத்தியது நாடு முழுவதும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த படை அது; சென்னையின் மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதில் ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், பின்னர் சேகலை மணந்தவர். 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கே கொடியேற்றியதற்குப் பின்னால் இந்த வரிசை முழுவதும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் கோட்டையின் பெரும்பகுதியை இந்திய ராணுவமே வைத்திருந்தது. 2003 டிசம்பரில்தான் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது.

புது தில்லியும் அதற்குப் பின்னும்

1911 டிசம்பர் 12 அன்று கல்கத்தாவிலிருந்து தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. 1931இல் புது தில்லி திறக்கப்பட்டது. எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் இருவரும் திட்டமிட்ட அகன்ற சாலையின் ஒரு முனை இன்று குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ரைசினா குன்று, மறுமுனை நோக்குவது பழைய கோட்டையை. அந்தக் கோட்டைக்குள் வாழ்ந்துவந்த இந்திரபத் கிராமத்து மக்களை அப்போது வெளியேற்றினார்கள். நடுவே உள்ள இந்தியா கேட் 42 மீட்டர் உயரமுள்ள போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரிலும் அதையொட்டிய போர்களிலும் இறந்த சுமார் 70,000 இந்தியப் படையினருக்காக எழுப்பியது, 13,000க்கும் மேற்பட்ட பெயர்களைச் சுவர்களில் தாங்கியது. ஐஸ்கிரீம் வண்டிகளுக்கு இடையே நின்று யாரும் பெயர்களைப் படிப்பதில்லை. அருகிலுள்ள கல்மண்டபத்தில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலை 1968இல் அகற்றப்பட்டு, 2022இல் அங்கே சுபாஷ் சந்திர போஸின் சிலை வந்தது. 1972 முதல் வளைவின் கீழ் எரிந்த அணையா விளக்கு அதே 2022இன் தொடக்கத்தில் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டது. தெருவின் பெயரும் கர்த்தவ்ய பாதை என்று மாறிவிட்டது. ஆட்சிக்கு வந்தவர் தம் முத்திரையை முந்தியவரின் இடத்திலேயே பதிப்பது ஐபக்கின் காலத்தோடு முடிந்துபோன பழக்கமில்லை.

1986இல் திறந்த தாமரைக் கோயிலும் 2005இல் திறந்த அக்ஷர்தாமும் இந்தச் சங்கிலியில் சேராதவை. இருபத்தேழு பளிங்கு இதழ்கள் கொண்ட முன்னது பஹாய் சமயத்தின் வழிபாட்டிடம். உள்ளே சிலையோ சடங்கோ கிடையாது, மௌனமாக அமரலாம். பின்னது மணற்கல் செதுக்கலின் பெரிய கண்காட்சி. இரண்டிலும் வரிசை நீளம்.

எது நிற்கும் என்பதை இன்று சட்டமும் தீர்மானிக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும் என்று 2010இன் சட்டத்திருத்தம் கூறுகிறது. அதற்கு முன்பே எழுந்துவிட்ட கன்னாட் பிளேஸ் உயர்மாடிகளின் நடுவே, இரண்டாம் ஜெய்சிங் 1724இல் அமைத்த ஜந்தர் மந்தர் சிக்கிக்கொண்டது. சூரியனின் நிழலை அளப்பதற்கென்றே கட்டிய கருவிகள் மேல் இன்று அடுக்குமாடிகளின் நிழல் விழுகிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்று குதுப் வளாகத்தையும் ஹுமாயூன் கல்லறையையும் வைத்துக்கொள்ளலாம். வியாழன் கிடைத்தால் பகலில் கோட்லா, மாலையில் நிஜாமுத்தீன். நவம்பர் முதல் ஜனவரி வரை புகைமூட்டமும் பனியும் மினாரின் உச்சியை மறைத்துவிடுவதால் பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. இரண்டே நாள்தான் என்றால் அக்ஷர்தாமை விட்டுவிட்டு, மெட்ரோவில் செங்கோட்டை அருகிலுள்ள லால் கிலா நிலையத்தில் இறங்கிக் காலையில் சாந்தினி சௌக்கிலிருந்து ஜாமா மசூதி வரை நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். கடைகள் திறக்கும் முன்பே கிளம்பினால் மாளிகை வாசல்களின் வளைவுகள் பெயர்ப்பலகைகளுக்கு மேலே தெளிவாகத் தெரியும்.